பார்த்தேன் என்று போர்டில் எழுதிய டீச்சர்

"டாம் பீட்டரை யோக்கியன் என்று கருதுகிறான்." இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தில் இப்படி ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால் போதும், டீச்சருக்கு உச்சி மண்டை வரை கோபம் ஏறிவிடும்.

"யாரு இந்த டாம்? யாரு இந்த பீட்டர்? இவன் அவனை யோக்கியன்னு நினைச்சா எனக்கென்ன, அயோக்கியன்னு நினைச்சா எனக்கென்ன? பொறக்கவே பொறக்காத ரெண்டு பேருக்காக நீங்க ஏன் மண்டையை உடைச்சுக்கணும்?" என்று புத்தகத்தை மேஜை மேல் ஒரு போடு போடுவாள். முதல் பெஞ்சுக்காரர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போய்விட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் திடுக்கிடுவார்கள்.

டீச்சருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நேரம் கிடைக்கலை" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள். தம்பி வீட்டில், மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் இருக்கிறாள். காலையில் குளித்து, தலை காய்வதற்குள் கிளம்பி, டயர்க் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் டுட்டோரியலுக்குப் போய்விடுவாள். படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள், பேங்க் பரீட்சை எழுதுகிறவர்கள், பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் ரோஷப்பட்டு வந்து சேர்ந்த அம்மாக்கள் என்று அங்கே எல்லாரும் உண்டு.

டென்ஸ் நடத்த ஒருவர், கட்டுரை நடத்த ஒருவர் என்று பாடத்தைப் பங்கு போட்டுக்கொண்டபோது, யாரும் தொட விரும்பாத ஒரு பாடம் டீச்சர் தலையில் விழுந்தது. பெரிய வாக்கியத்துக்குள் ஒண்டிக்கொண்டிருக்கும், தனக்கென்று காலம் இல்லாத குட்டி வாக்கியங்கள். "பரீட்சைக்கு ஒரு கேள்விதான் வரும், விட்டுத் தள்ளுங்க" என்று மற்ற வாத்தியார்கள் கைகழுவிய பாடம். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுக்குச் சோறும் போட்டது, பைத்தியமும் பிடிக்க வைத்தது.

"ஐ ஸா ஹிம் ஃபால்" என்று போர்டில் எழுதுவாள். "அவன் விழுறதை நான் பார்த்தேன். இதுல பார்த்தது யாரு? நான். எப்போ? நேத்து. சரி, விழுந்தது எப்போ? அந்த ஃபால் வாயைத் திறந்து காலம் சொல்லுதா? சொல்லாது. நாளைக்குப் பார்ப்பேன்னு முன்னாடி மாத்திப் பாருங்க, ஃபால் ஒரு எழுத்து அசையுதான்னு பாருங்க. அசையாது. ஒண்டுக் குடித்தனம் மாதிரி. வீட்டுக்காரன் மீட்டர்லதான் இவன் வீட்டு பல்பு எரியும். விழுந்தவன் கதியைப் பாருங்க. விழுந்தது அவன்தான், ஆனா 'ஹீ'ன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிக்க முடியாது. 'ஹிம்'னு குனிஞ்சுக்கிட்டுதான் உள்ளே வரணும்."

வினைச்சொல்லே இல்லாத குட்டி வாக்கியங்களும் உண்டு. "ஐ ஃபௌண்ட் த ரூம் எம்ப்டி. போய்ப் பார்த்தா அறை காலி. 'த ரூம் எம்ப்டி'. இருக்குன்னு சொல்ல ஒரு சொல்லு கூட இல்லை, ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லிடுச்சா இல்லையா?" என்று கேட்பாள். சொல்லிவிட்டது என்று வகுப்பு ஒப்புக்கொள்ளும் வரை விடமாட்டாள்.

இதெல்லாம் யாரும் நடத்திவிடலாம். டீச்சருடைய வகுப்பு ரொம்பி வழிந்ததற்குக் காரணம் வேறு. நடக்காத எதையும் உதாரணமாக எழுதமாட்டாள் என்பது அவள் போட்டுக்கொண்ட விதி. போர்டில் வருகிற ஒவ்வொரு வாக்கியமும் அவள் கண்ணெதிரில் நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கே நடந்திருக்க வேண்டும். "என் தம்பி என்னைக் காத்திருக்க வச்சான்", "பக்கத்து வீட்டுக்காரரைப் பாட்டுப் பாடக் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம்", "தம்பி பெண்டாட்டி பூனையை மாடியில வச்சுப் பூட்டிட்டா" என்று வீட்டுச் சமாசாரம் முழுக்க இங்கிலீஷில் போர்டில் ஏறும். "நடந்ததா டீச்சர்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தர் கேட்பார். "நடந்துச்சு" என்பாள். வகுப்பே சிரிக்கும். நிஜம் டீச்சர் என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

தம்பி மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் கடையில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "பூனையைப் பூட்டி வச்சது நீங்கதானே அக்கா?" என்று கேட்டுவிட்டாள். தம்பி மனைவி பையைக் கூட இறக்கி வைக்காமல் டீச்சர் அறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணி, உங்களுக்கு இங்கிலீஷ் வேணும்னா உங்களைப் பத்தி எழுதிக்குங்க. என் மானத்தை ஏன் ஏலம் விடுறீங்க?"

"பூட்டினியா இல்லையா?"

"பூட்டினேன். அதுக்கு?"

"பூட்டினதைத்தானே எழுதினேன்" என்றாள் டீச்சர். அதோடு பேச்சு முடிந்ததாக நினைத்துக்கொண்டாள். தம்பி மனைவி மட்டும் முடிந்ததாக நினைக்கவில்லை.

அந்த டுட்டோரியலுக்கு முதலாளி ஒருவர் உண்டு. எல்லாரும் பெரியவர் என்பார்கள். வயதானதும் நிர்வாகத்தை மகளைக் கட்டியவன் கையில் கொடுத்துவிட்டார். அவனுக்கு மேனேஜர் என்று பதவி, கண்ணாடிக் கதவு போட்ட அறை, சுழல் நாற்காலி. பின்னால் எல்லாரும் அவனை மாப்பிள்ளை சார் என்றுதான் சொல்வார்கள். இங்கிலீஷ் டுட்டோரியலுக்கு மேனேஜர், ஒரு முழு வாக்கியம் இங்கிலீஷில் பேசி யாரும் கேட்டதில்லை. கத்துவதற்கு மட்டும் எந்த மொழியும் தேவைப்படாத ஆள்.

அங்கே பெருக்கித் துடைக்கிற பெண்ணை ஆயாம்மா என்பார்கள். ஆயாம்மா என்றதும் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். டீச்சரைவிடப் பத்து வயதாவது சின்னவள். காலேஜில் படிக்கிற மகள் இருக்கிறாள். வாய் பேசாது, வேலைதான் பேசும் என்கிற ரகமும் இல்லை. நன்றாகவே பேசுவாள். ஷூவோடு ஈரத்தரையில் நடக்கிற வாத்தியார்களை "சார், நடக்கறதா இருந்தா மாப்பையும் கையில எடுத்துக்கிட்டு நடங்க" என்று சொல்லக்கூடியவள்.

ஒரு நாள் காலையில் மழை பெய்து விட்டிருந்தது. புதிதாகச் சேர வந்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயாம்மா அப்போதுதான் வராந்தாவைத் துடைத்து முடித்திருந்தாள். மாப்பிள்ளை சார் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே அறையிலிருந்து வெளியே வந்தான். "சார், கொஞ்சம் நில்லுங்க, காயட்டும்" என்றாள் ஆயாம்மா. அவள் சொல்லி அவன் நிற்பதா? விறுவிறுவென்று நடந்தான். சர்ரென்று வழுக்கி, வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் மல்லாந்தான். ஒரு சின்னப் பெண் குபீரென்று சிரித்துவிட்டது. ஆயாம்மா ஓடிப்போய்க் கை கொடுத்தாள். அவன் கையைத் தட்டிவிட்டு எழுந்து போனான்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் தண்ணீர் பிடிப்பதற்காக வராந்தாக் கோடியில் இருக்கும் சின்ன அறைக்குப் போனாள். ஒரு தொட்டி, ஒரு குழாய், துடைப்பங்கள், டீ கெட்டில், அவ்வளவுதான் அந்த அறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாப்பிள்ளை சார் நின்றுகொண்டிருந்தான். ஆயாம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் ஓங்கி அறைந்தான். அவள் தலை போய்த் தொட்டியின் விளிம்பில் மோதியது. நெற்றியில் ரத்தம் வந்தது.

கண்ணெதிரில் நடந்தது இது. டீச்சருக்கும் அதற்கும் நடுவில் அந்தப் பாதிக் கதவுதான்.

அடுத்த நாள் டுட்டோரியல் முழுக்க ஒரே பேச்சு, ஆயாம்மா தான் துடைத்த தரையில் தானே வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாளாம். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்களாம், அங்கேயும் விழுந்தேன் என்றுதான் சொன்னாளாம். மாப்பிள்ளை சாரே ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தாராம், எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்! அடுத்து இன்னொரு பேச்சு வந்தது. அவர் அடித்துவிட்டதாக அந்தப் பொம்பளை வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். பொய் சொல்கிறவளை எப்படி வேலையில் வைத்துக்கொள்வது? அனுப்பிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? பக்கத்துக் கட்டிடங்களிலும் சொல்லி வைத்தார்கள், வம்புக்காரி, சேர்க்காதீர்கள் என்று. கீழே டயர்க் கடையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்ததும் போயிற்று.

அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? அடித்தவன் நல்லவனாம், அடிபட்டவள் பொய்க்காரியாம்! டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. பெரியவர் வீட்டுக்கே நேராகப் போனாள். அவர் உள்ளே உட்கார வைத்து, ஃபேனைப் போடச் சொல்லி, சாவதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க பார்த்தீங்களா டீச்சர், இல்லை அவ சொன்னதைக் கேட்டீங்களா?"

"பார்த்தேங்க. ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

பெரியவர் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இங்க பாருங்க. அவன் என் பொண்ணைக் கட்டினவன். எனக்கு மட்டும் அவனைப் பத்தித் தெரியாதா? ஆனா டுட்டோரியல் பேரு ஒண்ணு இருக்கு. நீங்க நிறைய வருஷமா நம்ம கூட இருக்கீங்க. யாராவது கேட்டா, அந்தம்மா விழுந்து கிடந்தது தெரிஞ்சதுன்னு பொதுவா சொல்லிடுங்க. அது பொய்யும் இல்லையே."

"விழுந்து கிடந்தது தெரிஞ்சதா? யாருக்குத் தெரிஞ்சது? சுவத்துக்கா?" என்று எழுந்துவிட்டாள் டீச்சர்.

இந்த இடத்தில் அவள் நடத்துகிற பாடத்தையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவள் கோபம் அந்தப் பாதையில்தான் ஓடியது. இங்கிலீஷில் 'அவன் அடித்தான் என்று கண்டேன்' என்பதற்கும் 'அவன் அடிக்கக் கண்டேன்' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. 'ஐ ஸா தட் ஹீ ஹிட் ஹெர்' என்று நடுவில் 'தட்' போட்டு முழு வாக்கியமாகச் சொன்னால் அது யூகமாகவும் இருக்கலாம், கன்னத்து வீக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகவும் இருக்கலாம். 'தட்' இல்லாமல், காலம் இல்லாத அந்தக் குட்டி வாக்கியத்தைப் போட்டால் தப்பிக்க வழியில்லை. கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் பெயரை மறைத்து வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால், 'ஹீ வாஸ் ஸீன் டூ ஹிட் ஹெர்' என்று உடனே ஒரு 'டூ' நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "பார்த்த ஆளு ஒளிஞ்சுக்கிட்டா, காலி இடத்துக்கு டூ வந்துடும்" என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம். பெரியவர் அவளை ஒளிந்துகொள்ளத்தான் சொன்னார்.

மறுநாள் காலை வகுப்பு. வழக்கத்தைவிட வேகமாக வந்தாள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மார்க்கரை எடுத்து, போர்டு கொள்ளும் மட்டும் பெரிய எழுத்தில் எழுதினாள்.

ஐ ஸா த மேனேஜர் ஹிட் ஹெர்.

மேனேஜர் அவளை அடிக்கிறதை நான் பார்த்தேன். பின் பெஞ்சிலிருந்து வழக்கமாகக் கேட்கிற நர்ஸ் பெண்தான் மெதுவாகக் கேட்டாள். "நடந்ததா டீச்சர்?"

"என் போர்டுல நடக்காதது என்னைக்காவது ஏறியிருக்கா?"

"இல்லை டீச்சர்."

"அப்ப எழுதிக்குங்க." அடுத்தடுத்து எழுதினாள். விழுந்தேன் என்று அவளைச் சொல்ல வைத்தார்கள். தே மேட் ஹெர் ஸே ஷி ஃபெல். அவளைப் பொய்க்காரி என்கிறார்கள். தே கால் ஹெர் அ லையர். "பார்த்தீங்களா, 'ஹெர் அ லையர்'. இதுல வினை இல்லை, காலம் இல்லை. ஒரு பொம்பளையை நாசம் பண்ண ஒரு வினைச்சொல்லு கூடத் தேவைப்படலை இவங்களுக்கு!" தண்ணீர் குடிக்காமல் தொடர்ந்தாள். என்னை வாயை மூடச் சொல்கிறார்கள். தே வாண்ட் மீ டு ஷட் அப். மூடுகிற எண்ணம் எனக்கு இல்லை. ஒவ்வொன்றிலும் எது பெரிய வாக்கியம், எது குட்டி என்று கோடு போட்டுக் காட்டினாள். பாடத்திலும் ஒரு குறை வைக்கவில்லை.

யாரோ போனில் படம் எடுத்தார்கள். படம் எத்தனை பேருக்குப் போனதோ, வகுப்பு முடிவதற்குள் வரவேற்பறைப் போன் விடாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை சார் கண்ணாடிக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டான். பெரியவர்தான் மேல்மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"அழிங்க டீச்சர்."

டீச்சர் டஸ்டரை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "நான் எழுதினதை நான் அழிக்கிறதில்லை. உங்களுக்கு வேண்டாம்னா நீங்க அழிச்சுக்குங்க."

அத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் டஸ்டரை வாங்கி, போர்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, "இனி நீங்க வர வேண்டாம்" என்றார். டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். படியில் பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். சிலர் கை தட்டினார்கள். வேலை போன ஆளுக்கு உள்ளுக்குள் இவ்வளவு சந்தோஷம் இருக்கலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டில் தம்பி மனைவிகூட, "பூனை விஷயத்துக்கு உங்களை நான் மன்னிக்கலை அண்ணி. ஆனா இது சரி" என்று சூடாகக் காபி போட்டுக் கொடுத்தாள். தம்பிதான் "இனி மாசாமாசம் என்ன பண்ணுவே?" என்று ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. ஆயாம்மா நின்றாள். நெற்றியில் பிளாஸ்திரி, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. டீச்சருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நன்றி சொல்ல வந்திருக்கிறாள், பாவம். "வாம்மா, வா, உள்ளே வா. உக்காரு. காபி குடிக்கிறியா?"

ஆயாம்மா செருப்பைக் கழற்றவில்லை. "நான் உக்கார வரலை டீச்சர். ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். என்னைப் பத்திப் போர்டுல எழுதுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டீச்சருக்கு முதலில் புரியவே இல்லை. "உனக்காகத்தானே எழுதினேன்? என் வேலையே போச்சு, தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஊருக்கே தெரியும். என் மகளுக்கு அவ சிநேகிதி போன்ல அனுப்பியிருக்கா. அவகிட்ட நான் விழுந்துட்டேன்னுதான் சொல்லி வச்சிருந்தேன். பரீட்சை நேரம், படிக்கிற புள்ளை மனசு உடைஞ்சுடும்னு மறைச்சேன். முடிஞ்சதும் நானே பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தேன். அவ வந்து என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, 'அம்மா, உன்னை அடிச்சானா?'ன்னு கேக்குறா. நான் என்ன டீச்சர் சொல்ல? பாடம் நடத்துறதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"உன்னைப் பொய்க்காரின்னு சொல்றாங்களேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது."

"எரிஞ்சிருக்கும். நான் இல்லைங்கலை. எனக்கு மட்டும் எரியாதா?" அவள் குரல் இறங்கியது. "பார்த்தேன்னு எழுதினீங்க. ரொம்பப் பெரிசா எழுதியிருந்தீங்களாம். ஆனா பார்த்துட்டு என்ன பண்ணீங்கன்னு எழுதலையே?"

டீச்சரின் பார்வை அவள் நெற்றிப் பிளாஸ்திரிக்குப் போனது.

"அவன் உங்களைப் பார்த்ததும் கையை இறக்கிட்டான். 'வாங்க டீச்சர், தண்ணி வேணுமா?'ன்னு ஒதுங்கி வழி விட்டான். நான் தொட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நெத்தியில ரத்தம் வழியுது. நான் உங்களைத்தான் பார்த்தேன். ஒரு பொம்பளை வந்துட்டா, இனி பயம் இல்லைன்னு நினைச்சேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'கொஞ்சம் நகரும்மா'ன்னு சொன்னீங்க. பாட்டில்ல தண்ணி பிடிச்சீங்க. மூடியைத் திருகினீங்க. போயிட்டீங்க."

உள்ளே சமையலறையில் தம்பி மனைவி கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலைம்மா. கை பாட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துச்சு" என்றாள் டீச்சர். இவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"இருக்கும். பயந்திருப்பீங்க. நானும்தான் பயந்தேன். ஆனா அவன் என்னை அறைஞ்ச கையோட, 'இன்னொரு தடவை கை வச்சா கையை ஒடிச்சுடுவேன்'னு நான் சொன்னேன். வாய் நீண்டு போச்சுன்னுதான் வேலையை விட்டு எடுத்தான். அதைக் கேட்டீங்கதானே நீங்க? உங்க போர்டுல அது எங்கே? நான் அடி வாங்கினது மட்டும்தான் இருக்கு. நான் பேசினது இல்லை."

பேசி முடித்து ஆயாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போகத் திரும்பியவள் நின்று, எரிச்சலோடுதான் சொன்னாள். "நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போறேன். இனி மறைக்க என்ன இருக்கு, அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. வர்றதா இருந்தா வாங்க. ஆனா நான்தான் பேசுவேன். உங்களைக் கேட்டா மட்டும் சொல்லுங்க."

போனாள். டீச்சர் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அவமானம் ஒரு பக்கம், அதைவிடக் கோபம் ஒரு பக்கம். முதலில் ஆயாம்மா மேல்தான் கோபம் வந்தது. வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவளை இப்படியா கேட்பது என்று மனசு பொருமியது. பொருமப் பொருமத் தெரிந்தது, அவள் சொன்னதில் மறுக்க ஒரு சொல் இல்லை என்று. அதற்குப் பிறகு கோபம் போக வேறு இடமே இல்லாமல் தன்மேலேயே திரும்பியது.

காலையில் ஸ்டேஷன் வாசலில் ஆயாம்மாவும் மகளும் காத்திருந்தார்கள். மகள் டீச்சரைப் பார்த்தும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே புகார் எழுதுகிறவர், ரைட்டர் என்பார்கள், நரைத்த மீசைக்காரர், டீச்சரைப் பார்த்ததும் "உக்காருங்க மேடம், என்ன விஷயம்?" என்று நாற்காலியைக் காட்டினார். ஆயாம்மாவைப் பார்க்கவே இல்லை.

"புகார் என்னோடது இல்லை சார். இவங்களோடது. இவங்களைக் கேளுங்க" என்று டீச்சர் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

ஆயாம்மா சொன்னாள். மழை, ஈரத்தரை, அவன் விழுந்தது, அந்தப் பெண் சிரித்தது, அறை, தொட்டி விளிம்பு, தான் திருப்பிச் சொன்னது எல்லாவற்றையும் அழாமல் சொன்னாள். ரைட்டர் பேனாவைத் திறக்கவே இல்லை. "அந்த மேனேஜர் நேத்தே வந்து ஒரு மனு கொடுத்துட்டுப் போயிட்டாரும்மா. நீ விழுந்தேன்னுதான் ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கே. சீட்டுல அப்படித்தான் இருக்கு."

"பக்கத்துல அவர் ஆளை நிக்க வச்சுச் சொல்ல வச்சாங்க சார்."

"அதுக்கு என்ன சாட்சி?" என்று சொல்லிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க பார்த்ததா சொல்றீங்களாம். ஆனா உங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அந்தக் கோபத்துல நீங்க ஜோடிச்சுச் சொல்றதா அந்த மனுல எழுதியிருக்கு. நல்லாப் படிச்சவங்க, கதை கட்டத் தெரிஞ்சவங்கன்னு எழுதியிருக்காரு. நான் எதை நம்ப?"

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. கதை கட்டுவதா? நானா? நாக்கு நுனியில் வந்து நின்ற வார்த்தைகளையெல்லாம் கொட்டியிருப்பாள். ஆனால் ஆயாம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக நின்றுகொண்டிருந்தாள், அவள் மகள்தான் இப்போது டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிக்கிறதைப் பார்த்தேன் சார்" என்றாள் டீச்சர்.

"சரி. ஒரு பொம்பளையை ஒருத்தன் மண்டை உடையுற மாதிரி அடிக்கிறான். நீங்க பார்க்குறீங்க. பார்த்துட்டு என்ன பண்ணீங்க? கத்தினீங்களா? யாரையாவது கூப்பிட்டீங்களா?"

"இல்லை சார்."

"பின்னே?"

"தண்ணி பிடிச்சேன்."

ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி பிடிக்கத்தான் அங்கே போனேன். இவங்க குழாயை மறைச்சுக்கிட்டு நின்னாங்க. நெத்தியில ரத்தம் வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கொஞ்சம் நகரும்மான்னு சொன்னேன். இவங்க நகர்ந்தாங்க சார். அந்த நிலைமையிலும் எனக்காக நகர்ந்தாங்க. நான் பாட்டிலை ரொப்பிக்கிட்டுப் போயிட்டேன்."

ரைட்டர் டீச்சர் முகத்தைப் பார்த்தார். தன்னைப் பற்றி இப்படி ஒரு கதையை யாரும் கட்டிச் சொல்லமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேனா மூடியைக் கழற்றினார். ஆயாம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, முதல்லேர்ந்து சொல்லு" என்றார். எழுத ஆரம்பித்தவர் நிறுத்தி, டீச்சரைக் கேட்டார்.

"தண்ணி பிடிச்சதையும் எழுதணுமா மேடம்?"

"எழுதுங்க" என்றாள் டீச்சர்.